தண்ணீரிலிருந்து மூன்றடி

கொக்குமேட்டூருக்கு மின்சாரம் வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. இதுவரை அது அந்த ஊரில் ஒருவரையும் கொன்றதில்லை. மக்களின் எச்சரிக்கை உணர்வுதான் அதற்குக் காரணம் என்று பஞ்சாயத்துத் தலைவர் மேடையில் சொல்வார். மின்சாரம் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை, அதுதான் காரணம் என்று மேடைக்குக் கீழே பேசிக்கொள்வார்கள்.

அந்த ஊரின் கீழத்தெருவில் ஆவுடையப்பன், கொம்பையா, வெயிலுமுத்து என்று மூன்று சகோதரர்கள். அவர்களுடைய அப்பா கண்ணை மூடும் முன், "எதைச் செஞ்சாலும் மூணு பேரும் சேர்ந்தே செய்யுங்கடே" என்று சொல்லிவிட்டுப் போனார். நிலத்தைப் பிரிக்காதீர்கள் என்பதற்காக அவர் அதைச் சொன்னார். மகன்கள் அதை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

வெயிலுமுத்துவுக்குப் பல்வலி வந்தபோது மூவரும் போய் வரிசையாக வாயைத் திறந்து உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் நேர்மையானவர். ஒரு பல்லை மட்டும் பிடுங்கினார். மற்ற இருவரும் முகம் வாடி வீடு திரும்பினார்கள். மூத்தவன் ஆவுடையப்பன் கல்யாணத்தின்போதும் மணமேடையில் சிறு குழப்பம் ஏற்பட்டது. பெண் வீட்டார் உறுதியாக நின்றதால் தீர்ந்தது.

அந்தப் பெண்தான் கோமதி. மூவரையும் கட்டி மேய்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்து ஏழு வருஷம் ஆகிறது. மூவரும் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். சிக்கலே அதுதான். ஒருமுறை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, "மழை வந்தா சொல்லுங்க" என்று சந்தைக்குப் போனாள். மழை வந்தது. மூவரும் தொப்பலாக நனைந்தபடி இரண்டு மைல் நடந்து சந்தைக்கு வந்து, "மழை வந்திருச்சு" என்று சொன்னார்கள். துணி மாடியிலேயே இருந்தது.

கோமதி வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்றுவந்தாள். பெரிய கிரைண்டர் ஒன்று வைத்திருந்தாள். அதற்கான சாக்கெட் அடுப்படித் தொட்டிக் குழாய்க்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி இருந்தது. உளுந்து கழுவினால் சாக்கெட்டும் சேர்ந்து குளிக்கும்.

ஒரு திங்கட்கிழமை மின்சார ஆபீசிலிருந்து திருமலைக்கொழுந்து என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். அடுப்படிக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தனை நாளா இது இங்கே இருக்கு?"

"வீடு கட்டுனதுல இருந்து," என்றான் ஆவுடையப்பன்.

"யாருக்கும் ஷாக் அடிச்சதில்லையா?"

"அடிக்கும் சார்," என்றான் இரண்டாமவன் கொம்பையா. "அதான் நாங்க மூணு பேரும் கையைக் கோத்துக்கிட்டுத் தொடுவோம். ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிஞ்சிரும்."

திருமலைக்கொழுந்து பேனாவை எடுத்து ஒரு வரி குறித்துக்கொண்டார். பிறகு கோமதியிடம் திரும்பினார். "வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவேன். அதுக்குள்ள சாக்கெட்டைத் தள்ளி வச்சிருக்கணும். இல்லேன்னா கனெக்‌ஷனைக் கட் பண்ணிட்டுப் போயிருவேன்." பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சாக்கெட் இடம் மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் அதில் இருந்தன.

கோமதி விரலை மடக்கி நாளை எண்ணினாள். வெள்ளிக்கிழமை காலை மேலத்தெருவில் கல்யாணம். அவளுக்குக் கிடைத்த முதல் கல்யாண ஆர்டர் அது. எதிர் வரிசையில் கலர் லைட் போட்டு மாவு விற்கும் பொன்மாரியை விட்டுவிட்டு, பெண் வீட்டார் இவளைத் தேடி வந்திருந்தார்கள். வியாழன் மதியத்துக்குள் ஆட்டினால்தான் வெள்ளி விடிவதற்குள் மாவு பொங்கும். கரண்டைப் பிடுங்கிவிட்டால் கல்யாணப் பந்தியில் இட்லி இருக்காது. அதற்கப்புறம் கீழத்தெருவில் கோமதி மாவு என்று ஒன்று இருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை எலக்ட்ரீஷியன் தேவசகாயத்தை வரச் சொல்லிவிட்டு, அரிசி எடுக்க டவுனுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று மூவரிடமும் சொன்னாள்:

"தேவசகாயம் அண்ணாச்சி வருவாரு. பேப்பர்ல போட்டிருக்கபடி வேலை நடக்கணும். கூட இருந்து பாத்துக்கிடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவள் பஸ் ஏறியதும் ஆவுடையப்பன் தாளை மூன்று தடவை உரக்கப் படித்தான். ஆளுக்கு ஒரு தடவை.

தேவசகாயம் முப்பது வருஷ அனுபவமுள்ளவர். முறையாக உரிமம் பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"அண்ணாச்சி, முதல் விதி," என்றான் ஆவுடையப்பன். "மெயினை அணைச்சதும் அதுல 'தொடாதே'ன்னு போர்டு மாட்டணும்."

"நல்லதுதான். மாட்டுங்க."

பிஸ்கட் டப்பா அட்டையைக் கிழித்து வெயிலுமுத்து கரியால் எழுதினான். கட்டுவதற்குக் கயிறு இல்லை. கொம்பையா தன் அரைஞாண் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் வேட்டி ஒரு கையின் பொறுப்பில் இருந்தது.

அட்டை கோணலாகத் தொங்கியது.

"நிமித்தி விடுலே," என்றான் கொம்பையா.

"எப்படி நிமித்த? தொடாதேன்னு போட்டிருக்குல்லா," என்றான் வெயிலுமுத்து.

இதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அட்டை கோணலாகவே இருந்தது.

இரண்டாவது விதி, தனியாக வேலை செய்யக் கூடாது என்பது. தேவசகாயம் உளியை எடுக்க வண்டிக்குப் போனார். மூவரும் கூடவே போனார்கள். சுத்தியலை மறந்துவிட்டு மறுபடி போனார். மறுபடியும் போனார்கள். தெருவில் போன ஒருவர், யார் வீட்டில் துக்கம் என்று கேட்டார்.

மூன்றாவது விதி, ரப்பர் விரிப்பின் மேல் நின்று வேலை செய்ய வேண்டும் என்பது. வீட்டில் இருந்தது வாசலில் கால் துடைக்கும் ஒரே ஒரு ரப்பர் விரிப்பு. அதன் மேல் நான்கு பேர் நின்றார்கள். தேவசகாயம் சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் அவருடைய முழங்கை கொம்பையாவின் தாடையில் இடித்தது.

"நீங்க மூணு பேரும் சும்மாதானே நிக்கீங்க. கீழே இறங்கி நில்லுங்களேன்," என்றார்.

"சும்மா நிக்கல அண்ணாச்சி. தனியா வேலை செய்யக் கூடாதுன்னு உங்க கூட நிக்கோம். அப்ப இதுவும் வேலைதான்," என்றான் ஆவுடையப்பன்.

தேவசகாயம் பழைய சாக்கெட்டைக் கழற்றினார். குழாயிலிருந்து மூன்றரை அடி தள்ளிச் சுவரில் குறி வைத்து, உளியால் கொத்தத் தொடங்கினார். சித்திரை மாசத்து வெயில். முக்கால் மணி நேரத்தில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"தாகமா இருக்கு. ஒரு செம்பு தண்ணி கொடுங்க."

வெயிலுமுத்து செம்பை எடுத்தான். ஆவுடையப்பன் அவன் கையைப் பிடித்தான்.

"பொறுலே. நாலாவது விதியைப் படி."

வெயிலுமுத்து படித்தான். "தண்ணீர் உள்ள இடத்திலிருந்து சாக்கெட் குறைந்தது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும்."

"அண்ணாச்சி இப்ப தண்ணியைக் குடிச்சா, தண்ணி எங்கே இருக்கும்?"

மூவரும் தேவசகாயத்தின் வயிற்றைப் பார்த்தார்கள்.

"சாக்கெட்டுக்கும் வயித்துக்கும் ஒரு அடிகூட இல்லையே அண்ணே," என்றான் கொம்பையா.

"அதான் சொல்லுதேன்."

தேவசகாயம் சுத்தியலைக் கீழே வைத்தார். "தம்பி, அது குழாய்த் தண்ணிக்குப் போட்ட விதி."

"பேப்பர்ல குழாய்னு இல்லை அண்ணாச்சி. தண்ணீர்னுதான் இருக்கு. நீங்க குடிக்கப்போறதும் தண்ணிதானே?"

"சரி, குடிச்சிட்டு மூணடி தள்ளி நின்னு வேலை செய்யட்டும்," என்று வெயிலுமுத்து வழி சொன்னான்.

தேவசகாயத்தைத் தள்ளி நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி அளந்தார்கள். கை இரண்டேகால் அடி இருந்தது. உளி முக்கால் அடி. மொத்தம் மூன்றடி. ஒரு கணம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு கொம்பையா, தொப்பை முன்னால் அரை அடி வந்திருப்பதையும், தண்ணீர் அங்கேதான் போய்ச் சேரும் என்பதையும் சுட்டிக்காட்டினான்.

"இருங்க," என்றான் ஆவுடையப்பன். அவன் முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி, காலைல என்ன குடிச்சீங்க?"

"டீ."

"எத்தனை?"

"ரெண்டு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் ஒரு பேராபத்தோடு ஒரே விரிப்பில் நின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மூன்றடி பின்னால் போகலாம் என்றால், தனியாக விடக் கூடாது என்று இரண்டாவது விதி தடுத்தது.

"டீ எவ்வளவு நேரம் உள்ளே நிக்கும்?" என்று கொம்பையா கேட்டான்.

"ஆளைப் பொறுத்தது," என்றான் வெயிலுமுத்து.

தேவசகாயம் விரிப்பை விட்டு இறங்கிக் கொல்லைப்புறம் கழிவறைக்குப் போனார். மூவரும் கூடவே போனார்கள். கதவு சாத்தியதும் வெளியே வரிசையாக நின்றார்கள்.

"அண்ணாச்சி, ரெண்டு டீயும் போயிருச்சா?" என்று ஆவுடையப்பன் கதவோரம் மரியாதையாகக் கேட்டான்.

உள்ளே வாளி உருண்டது.

"ஒண்ணாவது போயிருக்கும்," என்றான் கொம்பையா.

தேவசகாயம் வெளியே வந்தார். நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது. வெயிலுமுத்து அதைப் பார்த்து, "அண்ணே, தண்ணி இப்ப வெளியேயும் வந்திருச்சு" என்றான். மூவரும் துண்டோடு பாய்ந்து அவரைத் துடைத்தார்கள். ஒருவன் முகத்தை, ஒருவன் கழுத்தை, ஒருவன் முதுகை. துடைக்கத் துடைக்க வியர்த்தது. விசிறலாம் என்றால் மின்விசிறி ஓடவில்லை. மெயினைத் தொடக் கூடாது.

தேவசகாயம் உளியையும் சுத்தியலையும் பைக்குள் போட்டார். "கோமதிகிட்ட நான் செத்துட்டேன்னு சொல்லுங்க," என்று வண்டியை எடுத்தார். தெருமுனை வரை மூவரும் தனியாக விடாமல் பின்னாலேயே ஓடினார்கள்.

மாலை நாலு மணிக்கு அரிசி மூட்டையோடு கோமதி வந்தாள். சுவரில் பாதி கொத்திய பள்ளம். பழைய இடத்தில் வயர் முனைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"அண்ணாச்சி எங்கே?"

"செத்துட்டாரு," என்றான் ஆவுடையப்பன்.

கோமதிக்கு அரிசி மூட்டை கையிலிருந்து நழுவியது. "எப்படிங்க? ஷாக் அடிச்சா?"

"தெரியல. அவருதான் சொல்லிட்டுப் போனாரு."

அவள் மூச்சு விட்டாள். கொலைப்பழி இல்லை என்று தெரிந்ததும் கோபம் வந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு தேவசகாயம் வீட்டுக்குப் போனாள். அவர் ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வெகுநேரம் கெஞ்சினாள். கடைசியில் அவர், "புதன் வேற வேலை இருக்கு. வியாழன் காலைல எட்டு மணிக்கு வருதேன். ஆனா அந்த மூணு பேரும் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது" என்றார்.

மூவரையும் வீட்டை விட்டு அனுப்பினால் எங்கே போய் என்ன செய்வார்களோ என்று கோமதிக்குப் பயம். வேலையும் கொடுக்க வேண்டும், தூரமாகவும் இருக்க வேண்டும். மெயின் சுவிட்சு வாசல் சுவரில் இருந்தது. அடுப்படி கடைக்கோடியில் இருந்தது. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வீட்டில் வரும் எல்லா நல்ல யோசனைகளுக்கும் நேர்ந்த கதியே அதற்கும் நேர்ந்தது.

"வயர் எல்லாம் திறந்து கிடக்கு," என்றாள். "கரண்டு வந்துச்சுன்னா உசிரு போயிரும். அதனால நீங்க மூணு பேரும் வாசல்லயே நின்னு மெயினை யாரும் தொடாமப் பாத்துக்கிடுங்க. யாரு வந்தாலும் விடாதீங்க. நானே வந்து கேட்டாலும் விடாதீங்க. புரியுதா?"

"புரியுது," என்றார்கள் மூவரும்.

புதன்கிழமை முழுவதும் நின்றார்கள். ரப்பர் விரிப்பைப் போட்டு, கோணல் அட்டைக்கு முன்னால், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். கோமதி சோற்றை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். அடுப்படி அமைதியாக இருந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக இவர்களுக்குச் சரியான வேலை கொடுத்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

வியாழன் காலை ஐந்து மணிக்கு அரிசியையும் உளுந்தையும் ஊறப் போட்டாள். எட்டு மணிக்கு தேவசகாயம் கொல்லைப்புற வழியாக, வாசலைப் பார்க்காமல் வந்தார். வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்தார். ஒன்றரை மணி நேரத்தில் புதுச் சாக்கெட் குழாயிலிருந்து மூன்றரை அடி தள்ளி, நெஞ்சுயரத்தில், அழகாகச் சுவரில் உட்கார்ந்தது. பழைய இடத்தைச் சிமென்ட் வைத்து மூடினார்.

பத்து மணிக்குத் திருமலைக்கொழுந்து வந்தார். அளந்தார். தலையாட்டினார்.

"வேலை சுத்தமா இருக்கு. மெயினைப் போடுங்க. கரண்டு விட்டுச் சோதிச்சிருவோம்."

தேவசகாயம் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "அம்மா, நீங்களே போய்ப் பேசுங்க" என்றார்.

முதலில் அதிகாரி போனார்.

"வழி விடுங்கப்பா. மெயினைப் போடணும்."

"முடியாது சார்," என்றான் ஆவுடையப்பன். "யாரு வந்தாலும் விடக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் மின்சார அதிகாரி."

"அதிகாரியும் யாரோ ஒருத்தர்தானே சார்," என்றான் கொம்பையா. வேட்டியைப் பிடித்திருந்த கையை எடுக்காமலேயே ஒரு வணக்கமும் வைத்தான்.

அப்புறம் கோமதி வந்தாள். "வேலை முடிஞ்சிருச்சு. வயரெல்லாம் மூடியாச்சு. தள்ளுங்க."

மூவரும் அசையவில்லை. ஆவுடையப்பன் மெல்லத் தம்பிகள் பக்கம் திரும்பினான்.

"பாத்தியாலே. சொன்ன மாதிரியே வந்து நிக்கா."

"அன்னைக்கே சொன்னாங்களே, நானே வந்து கேட்பேன்னு," என்றான் வெயிலுமுத்து. "மதினி எவ்வளவு முன்யோசனையான ஆளு."

"ஏங்க, அன்னைக்குச் சொன்னதும் நான்தான். இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுததும் நான்தான்."

"அன்னைக்குச் சொன்ன கோமதிக்கு நாங்க வாக்குக் கொடுத்துட்டோம்," என்றான் ஆவுடையப்பன். "இன்னைக்கு வந்த கோமதிக்காக அவளை ஏமாத்த முடியாது. நீ பொண்டாட்டியா இருந்தாலும் சரி."

மணி பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு இன்னும் நாலு வீடு இருக்கிறது என்றும், சோதித்துப் பார்க்காமல் சரி என்று எழுத முடியாது என்றும், பதினொன்றரைக்குமேல் நிற்க மாட்டேன் என்றும் சொன்னார். அடுப்படியில் அரிசி ஊறிக் கிடந்தது. எதிர் வரிசையிலிருந்து பொன்மாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, திறந்தபடியே வைத்துக்கொண்டாள்.

தள்ளிவிட்டுப் போகலாம் என்றால், மூவரும் கையைக் கோத்திருந்தார்கள். ஏழு வருஷக் குடித்தனத்தில் கோமதி கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. அவர்களோடு வாதாடி ஜெயிப்பதைவிட, அவர்கள் போகும் பாதையிலேயே நாலடி கூடப் போவது சீக்கிரம் முடியும்.

"காலைல நீங்க மூணு பேரும் என்ன குடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"காப்பி."

"காப்பில என்ன இருக்கு?"

மூவரும் யோசித்தார்கள். கொம்பையாவுக்குத்தான் முதலில் முகம் வெளிறியது.

"அண்ணே. நாம ரெண்டு நாளா மெயினை ஒட்டியே நிக்கோம். தண்ணியும் குடிச்சிருக்கோம். ரசமும் குடிச்சிருக்கோம்."

"மோரும்," என்றான் வெயிலுமுத்து.

கோத்த கைகள் பிரிந்தன. மூவரும் விரிப்போடு சேர்ந்து மூன்றடி பின்னால் நகர்ந்தார்கள். கோமதி சுவிட்சை நோக்கிப் போனாள்.

"நில்லு," என்றான் ஆவுடையப்பன். "கோமதி, நீயும் காப்பி குடிச்சிருக்க. ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டத நான் பாத்தேன்."

அவன் கண்ணில் உண்மையான பயம் இருந்தது. இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் மூவரும் பாய்ந்து அவளை இழுத்துப் போட்டுவிடுவார்கள். தேவசகாயம் காலையிலேயே ஒரு குடம் குடித்திருந்தார். அதிகாரி வந்ததும் வராததுமாக மோர் வாங்கிக் குடித்திருந்தார். கணக்குப் பார்த்தால், கொக்குமேட்டூரில் மெயின் சுவிட்சைப் போடத் தகுதியானவர் ஒருவரும் இல்லை.

கோமதி உள்ளே போனாள். ஒட்டடைக் கம்போடு திரும்பி வந்தாள்.

"இது எத்தனை அடி இருக்கும், அளங்க."

அளந்தார்கள். ஐந்தடி இருந்தது.

"காஞ்சிருக்கா?"

தடவிப் பார்த்தார்கள். காய்ந்திருந்தது.

"இது காப்பி குடிச்சிருக்கா?"

மூவரும் கம்பின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் பார்த்தார்கள். "இல்லை," என்றான் ஆவுடையப்பன்.

"யாரு வந்தாலும் விடாதீங்கன்னுதானே சொன்னேன். கம்பு யாரோ ஒருத்தரா?"

இதற்கு மூவரும் ஒதுங்கிப் போய்த் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்தைந்து. ஆவுடையப்பன் திரும்பி வந்து, கம்பைப் பற்றிப் பேப்பரிலும் இல்லை, உத்தரவிலும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னான். கோமதி நாலடி தள்ளி நின்று, கம்பு நுனியால் சுவிட்சை மேலே தள்ளினாள். அட்டை அறுந்து விழுந்தது. வீட்டுக்குள் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. எதிர் வரிசையில் பொன்மாரி கதவைச் சாத்தினாள்.

"என் கயிறு," என்று கொம்பையா பாய்ந்து பொறுக்கினான்.

திருமலைக்கொழுந்து சாக்கெட்டைச் சோதித்தார். சரியாக இருந்தது. "இப்போதைக்கு ஓட்டுங்க. சனிக்கிழமை காலைல வருவேன். எல்லாம் இப்படியே இருந்தா கையெழுத்துப் போட்டு முடிச்சிருதேன். ஏதாவது மாறியிருந்துச்சு, அன்னைக்கே கட்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரைண்டர் ஓடியது. பன்னிரண்டரைக்கு மாவு தயார். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அது பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது. கோமதி அதைக் கல்யாண மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, மூவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் சாக்கெட்டைத் தொடக் கூடாது. மெயினைத் தொடக் கூடாது. வயர், சுவிட்சு, கிரைண்டர், எதையும் தொடக் கூடாது. விளங்குதா?"

"விளங்குது," என்றார்கள்.

கல்யாணத்தில் இட்லி பூவாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பதினான்கு சாப்பிட்டுவிட்டு, பெண்ணைப் பற்றித் தான் முன்பு சொன்ன குறையை வாபஸ் வாங்கிக்கொண்டார். மறுவீட்டு விருந்துக்கும் மாவைப் பக்குவம் பார்த்துக் கொடுக்கச் சொல்லி, கோமதியை ஒரு நாள் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். சனிக்கிழமை காலை அவள் வெற்றிலைப் பையோடும், இன்னும் இரண்டு கல்யாண ஆர்டரோடும் தெருவுக்குள் வந்தாள். திருமலைக்கொழுந்தும் அதே நேரம் வந்து சேர்ந்தார். வாசலில் மூவரும் நின்றார்கள். முகத்தில் பெருமை வழிந்தது.

"எதையும் தொடலையே?" என்று கோமதி கேட்டாள்.

"நீ சொன்ன எதையும் தொடலை," என்றான் ஆவுடையப்பன்.

அதிகாரி அடுப்படிக்குப் போனார். சாக்கெட் இருந்த இடத்தில் இருந்தது. கிரைண்டரும் இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். பிறகு சுவரில் தொட்டி இருந்த பக்கம் பார்த்தார். தொட்டிக்கு மேலே, குழாய் இருந்த துளையில், ஒரு கத்தரிக்காய் அடைத்திருந்தது.

"குழாய் எங்கே?"

"அதையும் தள்ளி வச்சிட்டோம் சார்," என்றான் கொம்பையா. "சாக்கெட்டை மட்டும் தள்ளி வச்சாப் பத்துமா? நாளைக்குக் குழாய் கொஞ்சம் வேகமாத் தெறிச்சா மூணரை அடி காணாது. அதான் யோசிச்சோம். வீடு பூரா ஒட்டடைக் கம்பை வச்சு அளந்தோம். கூடத்துல டி.வி. சாக்கெட் இருக்கு. உள் அறையில இருக்கு. குளியலறையிலகூட ஒண்ணு இருக்கு. சுத்தி மூணடிக்கு ஒரு சாக்கெட்கூட இல்லாத இடம் இந்த வீட்டுலேயே ஒண்ணே ஒண்ணுதான்."

"எந்த இடம்?"

வாசலுக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரி உள்ளே போகும்போது கதவு திறந்து அந்தச் சுவரை மறைத்திருந்தது. ஆவுடையப்பன் கதவை விலக்கினான். மேலே மீட்டர், அதற்குக் கீழே மெயின் சுவிட்சு, அதற்கு நேர் கீழே ஒரு சாண் தள்ளி, தெருப் பைப்பிலிருந்து இழுத்துப் பளபளவென்று குழாய். மீட்டரில் அட்டை திரும்பவும் தொங்கியது, அதே கோணலில். கொம்பையாவின் வேட்டி மறுபடியும் ஒரு கையின் பொறுப்பில் இருந்தது. கீழே ரப்பர் விரிப்பு தண்ணீரில் மிதந்தது.

கோமதி வெற்றிலைப் பையைக் கீழே வைத்தாள். சுவரில் சாத்தியிருந்த ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்தாள். எதற்கு என்று அவளுக்கே இன்னும் தீர்மானமாகவில்லை.

"பேப்பர்ல சாக்கெட்னுதான் போட்டிருக்கு சார்," என்று ஆவுடையப்பன் பணிவாகச் சொன்னான். "மீட்டர்னு எங்கேயும் இல்லை. மூணு தடவை படிச்சிட்டோம். வெயிலு, சாருக்கு ஒரு செம்பு தண்ணி பிடிச்சுக் கொடு."

வெயிலுமுத்து விரிப்பில் ஏறிக் குழாயைத் திறந்தான். தண்ணீர் தெறித்தது.

திருமலைக்கொழுந்து பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணைச் சுவரிலிருந்து எடுக்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார். ஓரடி, இரண்டடி, மூன்றடி. அங்கே நின்றார்.

மூவரும் அந்தத் தூரத்தைக் கண்ணாலேயே அளந்து பார்த்து, திருப்தியோடு தலையாட்டினார்கள்.

"சார் காப்பி குடிச்சிட்டு வந்திருக்காரு போல," என்றான் கொம்பையா.